முனாஜாத்தும் அவையடக்கமும்



பாஞ்சாலங்குறிச்சி மண்ணில் நின்று பணிவைப் பற்றிப் பேசுவது எளிதன்று. தலைவணங்காமையே இம்மண்ணின் பெருமை. 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்ற கட்டபொம்மனைப் பற்றி இப்பகுதியில் வழங்கும் கதைப்பாடல்களும் கும்மிகளும் கூத்துகளும் குனியாத அந்தத் தலையையே திரும்பத் திரும்பப் பாடுகின்றன. ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையும் 1801இல் இடிக்கப்பட்டது. இன்று காண்போர் கண்ணில் படுவது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. இத்தகைய ஊரில், நெற்றியைத் தரையில் வைத்துப் பிழை பொறுக்குமாறு மன்றாடும் ஒரு பாடல் வகையைப் பொருளாகக் கொள்வது பொருந்துமா என்னும் தயக்கம் எழுவது இயல்பே.

அத்தயக்கத்திற்கு விடை அந்த மரபிலேயே உள்ளது. இஸ்லாமிய நெறியில் நெற்றி தரையில் படுவது இறைவன் ஒருவன் முன்னிலையில் மட்டுமே. அரசன் முன்னும் செல்வர் முன்னும் அவ்வாறு வணங்குதல் விலக்கப்பட்டது. ஓரிடத்தில் முழுமையாகக் குனிபவனுக்கு மற்ற இடங்களில் குனிய வேண்டிய கட்டாயம் இல்லாமற் போகிறது. கும்பினியின் முன் நிமிர்ந்தவனுக்கும் திருச்செந்தூர் முருகன் முன் கைகூப்புவதில் தாழ்வு தோன்றியதில்லை என்பதை இவ்வூராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

'முனாஜாத்து' என்பது அரபுச் சொல். இருவர் பிறர் அறியாது தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் அந்தரங்க உரையாடல் என்பது அதன் அடிப்படைப் பொருள். தமிழ் முஸ்லிம் புலவர்கள் அரபு, பாரசீக மரபுகளிலிருந்து ஏற்றுத் தமிழில் வளர்த்த புதிய வகைகளாகப் படைப்போர், கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து ஆகியன குறிக்கப்படுகின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக விளங்கிய ம. மு. உவைஸ் அவர்களின் உழைப்பால்தான் இவற்றின் பரப்பு தமிழ்த் துறைகளுக்குத் தெரியவந்தது. படைப்போரில் போர் உண்டு. கிஸ்ஸாவில் கதை உண்டு. மசலாவில் வினாவும் விடையும் உண்டு. முனாஜாத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. கேட்பவன் ஒருவன், கேட்கப்படுபவன் ஒருவன். இடையில் பாட்டு, அவ்வளவே.

வேர்ப்பொருள் இரகசியமாயினும் வழக்கில் முனாஜாத்து உரக்கப் பாடப்படும் பாட்டாகிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அச்சுக்கூடங்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டிற்குப் பின் சிறு சிறு நூல்களாக அது வெளிவந்தது. சிலவற்றில் எதுகையும் மோனையும் மன்றாட்டை மூடிவிட்டதும் உண்டு. கண்ணீரையும் சந்தத்தில் வைக்கும்போது நேரும் ஆபத்து அது. கவிஞர்கள் அறியாததன்று.

இவ்வகைப் பாடல்களுக்கு ஊற்றாக நிற்பவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதாக ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ள துஆக்கள். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளலாம். அபூ மூசா அல்-அஷ்அரீ வழியாக வந்து புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றது ஒன்று. தவறு, அறியாமை, வரம்பு மீறல் ஆகியவற்றைப் பொறுத்தருளுமாறு அது கேட்கிறது. மெய்யாகச் செய்தவற்றோடு விளையாட்டாகச் செய்தவற்றையும், தெரியாமற் செய்தவற்றோடு தெரிந்தே செய்தவற்றையும் அது சேர்த்துக்கொள்கிறது. விளையாட்டுக்கும் மன்னிப்புக் கேட்கப்படுவது கருதத்தக்கது. ஸைத் பின் அர்க்கம் வழியாக முஸ்லிமில் வருவது இரண்டாவது. பயன் தராத கல்வி, பணியாத உள்ளம், நிறைவடையாத ஆசை, ஏற்கப்படாத வேண்டுதல் ஆகிய நான்கினின்றும் அது காப்புக் கேட்கிறது. கல்வியையும் காப்புக் கேட்க வேண்டிய பொருள்களின் வரிசையில் வைத்திருப்பது கற்றோர் அவையைச் சற்றே நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

மூன்றாவது, வீட்டை விட்டு வெளியே செல்லும்போது ஓதுவது. நபிகளாரின் துணைவியார் உம்மு ஸலமா அறிவித்தது. வழி தவறாமலும் தவறச் செய்யப்படாமலும், சறுக்காமலும் சறுக்கச் செய்யப்படாமலும், அநீதி செய்யாமலும் அதற்கு ஆளாகாமலும், அறிவின்றி நடவாமலும் பிறர் தன்னிடம் அறிவின்றி நடவாமலும் காக்குமாறு அது கேட்கிறது. இது வாசற்படியில் ஓதப்படுவது ஏன்? அறியாமை என்பது ஏட்டில் இல்லாத குறை மட்டுமாயின் வீட்டிற்குள்ளும் அது அதேயளவுதான் இருக்கும். இந்தத் துஆ அஞ்சும் அறியாமையோ மனிதனை மனிதன் சந்திக்கும் தெருவில்தான் வேலை செய்யத் தொடங்குகிறது.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி சற்றுத் தேவைப்படுகிறது. இத்துஆக்களில் வருவது 'ஜஹ்ல்' என்னும் சொல். 'அறியாமை' என்று பெயர்த்துக் கடந்துபோவது வழக்கம். பழைய அரபு வழக்கில் 'ஜஹ்ல்' என்பதன் எதிர்ச்சொல் கல்வியைக் குறிக்கும் 'இல்ம்' அன்று. பொறுமையையும் நிதானத்தையும் குறிக்கும் 'ஹில்ம்' என்பதே என்று அங்கேரிய அறிஞர் இக்னாஸ் கோல்ட்ஸிஹர் எடுத்துக்காட்டினார். முன்கோபம், செருக்கு, ஏளனம், பழிக்குப் பழி ஆகியன அச்சொல்லுக்குள் அடக்கம். குர்ஆனில் மூசா நபியின் (அலை) வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. எங்களைக் கேலி செய்கிறீரா என்று மக்கள் வினவ, அறிவிலிகளுள் ஒருவனாகிவிடாமல் இறைவனிடம் காப்புத் தேடுவதாக அவர் விடையளிக்கிறார். ஏளனம் செய்வதே அங்கே ஜஹ்ல்.

நூஹ் நபியின் நிகழ்ச்சி இன்னும் உருக்கமானது. வெள்ளத்தில் மூழ்கும் மகனுக்காகத் தந்தை இறைவனிடம் வாதிடுகிறார். அறிவு இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டா, அறிவிலிகளுள் ஒருவனாகாதே என்று எச்சரிக்கப்படுகிறார். அறியாததைக் கேட்பதினின்றே காக்குமாறு உடனே வேண்டும் அவர், மன்னிப்பும் அருளும் கிட்டாவிடில் தாம் இழப்புற்றவராவேன் என்கிறார். மகன் மீண்டு வரவில்லை. மன்றாட்டும் பிழையாகலாம், அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்னும் நிலை இங்குக் காட்டப்படுகிறது. பணிவு, பிழைபொறுத்தல், அறியாமையினின்று காப்பு ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் அமைந்த இடமாக இதனைக் கொள்ளலாம். மூன்றையும் பிரித்து வரிசைப்படுத்துவது உரையாசிரியர் வேலையே தவிர, கேட்பவனின் தவிப்பில் அவை பிரிந்து நிற்பதில்லை.

ஜஹ்ல் என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் ஒன்று உண்டாயின் அது 'புல்லறிவாண்மை' என்றே கூறத் தோன்றுகிறது. திருக்குறளின் 85ஆவது அதிகாரம் அது. அதற்கு முன்னதாகப் 'பேதைமை' தனி அதிகாரமாக நிற்கிறது. ஒன்றும் அறியாமை வேறு, சிற்றறிவை வைத்துக்கொண்டு தன்னைப் பேரறிவினனாக மதித்துப் பெரியோர் சொல்லை ஏலாமை வேறு என்பதனாலேயே இரண்டு அதிகாரங்கள் வேண்டியிருந்தன. பரிமேலழகர் தரும் விளக்கமும் அதுவே. மொழிபெயர்ப்பாளர்கள் 'அறியாமை' என்று எழுதும் இடங்களில் இச்சொல்லை இட்டுப் படித்தால் துஆவின் முகமே மாறிவிடும். எழுத்தறியாத உழவனுக்காக எழுதப்பட்டதுபோல் தோன்றிய வேண்டுதல் முனைவர்களுக்கும் புலவர்களுக்கும் உரியதாகிவிடும்.

பிழைபொறுத்தல் என்னும் பொருளுக்கு இக்கரிசற்காட்டிலேயே ஒரு வாசல் இருக்கிறது. வானம் பார்த்த பூமி இது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் மல்லியும் விளைவிக்கும் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் தமிழகச் சிற்றூர்களில் கொடும்பாவி கட்டி இழுக்கும் வழக்கம் இருந்தது. ஊரின் பாவமெல்லாம் ஒரு வைக்கோல் உருவமாகி, தெருத்தெருவாக இழுபட்டு, ஒப்பாரியோடு எரியும். இஸ்லாமிய மரபில் அதே வறட்சிக்கு மழை வேண்டித் தொழும் தொழுகை உண்டு. திறந்த வெளியில் இரண்டு ரக்அத்து. புத்தாடை உடுத்தி வருதல் கூடாது. எளிய ஆடையில், தாழ்மையோடு வர வேண்டும். நபிகளார் அவ்வாறே சென்றதாக இப்னு அப்பாஸ் அறிவிக்கிறார். தொழுகை நடத்துபவர் தம் மேலாடையைப் புரட்டிப் போட்டுக்கொள்வார். நிலைமை புரள வேண்டும் என்பதன் குறிப்பு அது என்பர். பகைத்தவர்கள் சமாதானமாவதும், பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பதும், அறம் செய்வதும் அதற்கு முன்பே நடந்தாக வேண்டும் என்பது சட்ட நூலார் கருத்து. முதியோரும் சிறுவரும் உடன் வருவர். ஆடுமாடுகளையும் உடன் ஓட்டி வருவதைச் சிலர் ஏற்பர்.

அத்தொழுகையில் முதலிடம் பெறுவது மழையன்று, மன்னிப்பு. நூஹ் நபியின் பெயரால் அமைந்த குர்ஆன் அத்தியாயத்தில், மன்னிப்புக் கேளுங்கள், வானம் உங்கள்மீது மழையைப் பொழியும் என்னும் கருத்தில் அவர் தம் மக்களிடம் பேசுவது இதற்கு அடிப்படை. ஹசன் பஸ்ரீயிடம் ஒருவர் வறட்சியையும் மற்றொருவர் வறுமையையும் இன்னொருவர் பிள்ளையின்மையையும் முறையிட்டனராம். எல்லாருக்கும் மன்னிப்புத் தேடுங்கள் என்ற ஒரே விடையைத் தந்தார் அவர். எல்லா நோய்க்கும் ஒரே மருந்தா என்று வியந்தவர்களுக்கு அவ்வசனங்களையே எடுத்துக்காட்டினார் என்பது உரைகளில் வழங்கும் செய்தி.

கொடும்பாவியையும் மழைத்தொழுகையையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றை உயர்த்துவது இங்கு நோக்கமன்று. மழைக்கும் மனிதன் செய்த பிழைக்கும் தொடர்பு உண்டு என்னும் நம்பிக்கை இரண்டிலும் ஒன்றே. பிழையை வைக்கும் இடம்தான் வேறு. ஒன்றில் அது ஊருக்குப் பொதுவான உருவமாகிறது. மற்றதில் ஒவ்வொருவரும் தம் பிழையைத் தாமே சுமந்து வெயிலில் நிற்கின்றனர். மனிதருக்கு இழைத்த தீங்கை இறைவன் மட்டும் மன்னித்துவிட்டால் போதாது, தீங்குற்றவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்னும் தௌபாவின் விதி இதனினும் கடுமையானது. வானத்தை நோக்கி ஏந்திய கை அண்டை வீட்டுக் கதவையும் தட்டியாக வேண்டும்.

இதே கரிசற் பரப்பில்தான் எட்டயபுரமும் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் அப்பெயரைச் சொன்னால் இன்றும் முகம் சுளிப்பவர் உண்டு. 1799ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் அத்தகையன. ஆனால் அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் அந்த அரண்மனையில் வேறொரு குரல் ஒலித்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் குரல். 1642இல் பிறந்து 1703இல் மறைந்தார் எனக் கூறுவர். பிறந்த ஊர் கீழக்கரை என்பாரும் எட்டயபுரத்திற்கு அண்மையிலுள்ள நாகலாபுரம் என்பாரும் உளர். எட்டயபுரத்து அவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார். வடநாட்டிலிருந்து வந்து புலவர்களை வாதுக்கழைத்த வாலை வாருதி என்பவரைத் தம் ஆசிரியருக்காக இளம் வயதிலேயே எதிர்கொண்டு வென்றார் எனவும், அதனால் அவைப் புலவராக ஏற்றம் பெற்றார் எனவும் மரபுச் செய்தி கூறுகிறது. தோற்ற வாலை வாருதி பின்னர் என்ன ஆனார் என்பதை அக்கதை சொல்வதில்லை. வென்றவன் கதைகள் பெரும்பாலும் அப்படித்தான்.

கதையின் அடுத்த பகுதி கீழக்கரையில் நிகழ்கிறது. வள்ளல் சீதக்காதி நபிகளாரின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்க விரும்புகிறார். அதற்குரிய அரபு மூலச் செய்திகளைப் பெற மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பாவிடம் உமறு செல்கிறார். அரண்மனைப் புலவரின் ஆடை அணிகளோடு வந்து நின்றவரைக் கண்டு அப்பா தயங்குகிறார், உரை தர மறுக்கிறார். அவை வென்ற புலவர் ஓர் ஆசிரியரின் வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறார். மனமுடைந்து அழுது இறைஞ்சியதாகவும், கனவில் நபிகளாரின் அருள் கிடைத்ததாகவும், அதன்பின் அப்பாவின் மனம் இளகிப் பரங்கிப்பேட்டையில் இருந்த மாமு நைனா லெப்பையிடம் அவரை அனுப்பியதாகவும் தொடர்கிறது அச்செய்தி. கனவை வரலாற்றாசிரியர் ஏற்கலாம், ஏலாதும் போகலாம். மறுப்புக்கும் கனவுக்கும் இடைப்பட்ட அந்த இரவைப் புலவராயினோர் ஐயுற மாட்டார்கள். தமிழ் அறிந்திருந்தார், வாதம் அறிந்திருந்தார், அரசவையின் நடைமுறை அறிந்திருந்தார். பாடவேண்டிய பொருளை மட்டும் அவர் அறிந்திருக்கவில்லை. அறியவில்லை என்பதை அறிவதற்கு ஒரு கதவு சாத்தப்பட வேண்டியிருந்தது.

ஆசிரியர் மறுத்தது சரியா என்று கேட்பவரும் உண்டு. ஆடையைக் கண்டு ஒருவரை எடைபோடுவதும் ஒருவகை ஜஹ்ல் ஆகாதா? கேள்வி நியாயமானது. கனவு உமறுவுக்கு மட்டுமன்றி அப்பாவுக்கும் வந்தது என்று சொல்லும் வடிவமும் வழக்கில் இருப்பதால், கதையை வளர்த்த மக்களே இக்கேள்வியைக் கேட்டிருக்கின்றனர் எனக் கொள்ள இடமுண்டு. அந்த வடிவத்தில் இருவருமே திருத்தப்படுகின்றனர்.

மூன்று காண்டங்களில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்களாக விரிந்த சீறாப்புராணத்தின் தொடக்கத்தில் அவையடக்கம் உள்ளது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறிக்கொண்டார் கம்பர். உமறு இன்னும் சிறிய உயிரைத் தேடினார். கடலையும் மலையையும் கலக்கும் பெருங்காற்றின் முன் எறும்பு விடும் மூச்சுப் போன்றது, புலவர்முன் தம் சொல் என்கிறார். காற்றும் மூச்சும் ஒரே பொருள், அளவுதான் வேறு என்பதால் இந்த உவமை கம்பரின் உவமையினும் நுட்பமானது எனலாம். சிறியதாயினும் எறும்பின் மூச்சும் மூச்சே என்னும் உரிமைக் குரலும் அதனுள் கேட்கிறது.

அவையடக்கம் புலவர்களுக்குப் பழகிய வழக்கு. பெரும் புலமை உள்ளவனே அதை அழகாகப் பாட முடியும் என்பதால் அடக்கமே ஒரு வெற்றியாகிவிடுவதும் உண்டு. கேட்பவர்கள் புலவர்கள், தான் சிறியவன் என்று சொல்லும் திறத்தாலேயே சொல்பவன் பெரியவன் என்று அவர்கள் அறிந்துகொள்வர். முனாஜாத்தில் இந்த வசதி இல்லை. அவை இல்லாத இடத்து அடக்கம் அது. உவமையின் அழகை மெச்சக் கேட்பவனுக்குத் தேவை எதுவும் இல்லை. குணங்குடி மஸ்தான் சாகிபு தாயுமானவரைப் போலவே பராபரக்கண்ணி பாடியபோது ஒரே விளியில் முடியும் சிறு சிறு கண்ணிகளையே கையாண்டார். இரண்டே அடியில் செருக்குக்கு இடம் குறைவு. தொண்டிக்கு அருகில் பிறந்து சென்னையில் வாழ்ந்து மறைந்த அவரைச் சமய வேறுபாடின்றி மக்கள் போற்றியதற்கு, கேட்கும் குரலில் சமயம் தெரிவதற்கு முன்பே தவிப்புத் தெரிந்துவிடுவது காரணமாகலாம்.

உமறு தம் காப்பியத்தை நபிகளாரின் மறைவு வரை கொண்டுசெல்லவில்லை. எஞ்சிய பகுதியைக் காயல்பட்டினத்துப் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா' எனப் பாடி நிறைவு செய்தார். இன்று எட்டயபுரத்தில் உமறுவின் அடக்கத்தலத்தில் மணிமண்டபம் நிற்கிறது. அவ்வூருக்குச் செல்வோர் பாரதியின் இல்லத்தைப் பார்த்துவிட்டு உமறுவைப் பாராமல் பேருந்து ஏறிவிடுகின்றனர் என்பது ஒரு குறை.

பாரதியையும் இங்கு நினைக்கக் காரணம் உண்டு. புதுவையினின்று மீண்டு 1918 முதல் 1920 வரை கடையத்தில் வாழ்ந்த காலத்தில், அருகிலுள்ள பொட்டல்புதூரில் முஸ்லிம்கள் கூடிய அவையில் இஸ்லாத்தின் மகிமை குறித்து அவர் உரையாற்றினார். அல்லாவைப் போற்றி அவர் பாடிய பாடலும் உண்டு. எட்டயபுரத்தில் பிறந்து, அதன் அரண்மனையில் இளமையிலேயே புலமைப் பட்டம் பெற்று, பின்னர் அந்தப் பட்டமே பெயராகிப்போன கவிஞர் அவர். அப்பாடலில், இறைவனைப் போற்ற வந்து சேர்வோரை அவர் ஒவ்வொருவராகச் சுட்டிச் செல்கிறார். பொய்யில் பழகியவன், தவம் அறியாதவன், சான்றோர் காட்டிய வழியில் நில்லாதவன் என எவர் வந்து ஏத்தினாலும் மரண அச்சம் நீங்கும் என்பது கருத்து. அவ்வரிசையில் அவர் முதலாவதாக நிறுத்தியிருப்பது கல்வியில்லாதவனை.